அக்கா ஏறாத கார்கள்

சீட் கவர் மாதிரிகளை ஷோரூமின் விற்பனைப் பெண் மேசைமேல் விரித்து வைத்ததுதான் தாமதம், என் கை தன் வேலையைத் தொடங்கிவிட்டது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து, கைக்குட்டையின் ஒரு முனையை நனைத்து, ஒயின் கலர் என்று அவர் சொன்ன துண்டை எடுத்துப் பத்துத் தடவை அழுத்தித் தேய்த்தேன். கைக்குட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. திருப்தி வராமல் மறுபடி நனைத்தேன். கார் ஷோரூமுக்கு வந்து இப்படிச் செய்கிற ஆளை அவர் இதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர் போலிருக்கிறது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பேச்சை மறந்துவிட்டு, "சார், இது ரெக்சின்லா, இதுல எப்படி சாயம் போவும்?" என்றார்.

மனைவி மகளைப் பார்த்தாள். மகள் போனைப் பார்த்தாள். நான் எதைத் தேய்த்துப் பார்த்தாலும் எங்கள் வீட்டில் இப்போது யாரும் கேட்பதில்லை. துண்டு, போர்வை, மகளின் பள்ளிச் சீருடை, ஒருமுறை மாமனார் வீட்டு சோபா உறை. பனியன் கம்பெனியில் முப்பது வருடம் தரம் பார்த்தவனுடைய வியாதி என்று விட்டுவிட்டார்கள். கூட வந்திருந்த அக்கா மட்டும் என் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, வாசலில் நிறுத்தியிருந்த கார்களைப் பார்க்கப் போய்விட்டாள்.

மூன்று வாரமாக இதே அலைச்சல்தான். எங்கள் பழைய கார் பத்து வருடம் உழைத்துக் களைத்துவிட்டது, மாற்றியாக வேண்டும். மனைவிக்குப் பின்னால் சாமான் வைக்கிற இடம் பெரிதாக வேண்டும். மகளுக்குப் பெட்ரோல் ஊற்றாத கார் வேண்டும், மேலே கண்ணாடிக் கூரையும் வேண்டும். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் அதுதான் தெரியவில்லை. நான்கு ஷோரூம் ஏறி இறங்கியாயிற்று. உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறேன், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்துபோகிறது. கடைசியில் மனைவிதான் ஒரு யோசனை சொன்னாள். பொங்கலூரிலிருந்து அக்காவை வரச் சொல்வோம், அவர்கள் முட்டி வலியோடு எந்தக் காரில் சிரமமில்லாமல் ஏறி இறங்குகிறார்களோ அதை வாங்குவோம் என்றாள். சீட்டின் உயரத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் உண்டா? அக்காவும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள்.

சாயப் பரிசோதனை முடிந்ததும் அந்தப் பெண் அக்சஸரீஸ் பட்டியலை எடுத்தார். மழைக்கு மட் ஃப்ளாப், அழுக்குத் தங்காத மிதியடி, பின்சீட் கண்ணாடிக்கு வெயில் மறைப்பு, போன் தாங்கி, முன்னால் நடப்பதையெல்லாம் படம் பிடிக்கும் கேமரா, டயருக்குக் காற்றடிக்கக் கையடக்க மெஷின். நண்பரே, நீங்களும் கார் வாங்குவதாக இருந்தால் என் பேச்சைக் கேளுங்கள். அந்தக் காற்று மெஷினும் நல்ல மிதியடியும் மட்டும் வாங்குங்கள், மற்றதெல்லாம் கையை அரித்தால் பார்த்துக்கொள்ளலாம். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், அக்சஸரீஸுக்காக எங்கள் குடும்பம் கெட்டதுபோல வேறு எந்தக் குடும்பமும் கெட்டிருக்காது.

எங்கள் பனியன் ஊரில் அக்சஸரீஸ் என்றால் பட்டன், லேபிள், எலாஸ்டிக், பாலிபேக். டீ சர்ட்டுக்குத் துணியைத் தவிர வேண்டியதெல்லாம் அக்சஸரீஸ். அப்பா அந்தச் சொல்லைக் காருக்குச் சொல்லிக் கேட்டதே கிடையாது. பதினாறு தையல் மெஷின் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கிற யூனிட் வைத்திருந்தார். முதல் கார் வாங்கியபோது அதற்கு வேண்டியதையெல்லாம் யூனிட்டுக்குள்ளிருந்தே எடுத்தார். ஸ்டியரிங்குக்கு ரிப் துணியில் உறை. கியர் கம்பியின் குமிழுக்குக் குழந்தைச் சட்டையின் கை முனை. லைசென்ஸ் செருகி வைக்க, முன் கண்ணாடிக்கு மேலே இழுத்துக் கட்டிய எலாஸ்டிக். வாந்தி வந்தால் எடுக்க ஒரு கட்டு பாலிபேக். வெயிலுக்கு அட்டைப் பெட்டி, துடைக்கப் பனியன் வேஸ்ட். கடைக்காரனுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும், நம்மிடம் இல்லாத சாமானா என்பது அவருடைய கட்சி.

அந்தக் கார் ஒரு ஏற்றுமதியாளரிடமிருந்து வந்தது. வெள்ளை நிறம், உருண்டை முதுகு, முன்னாலும் பின்னாலும் பெஞ்சு மாதிரி நீள சீட். கதவைத் திறந்தால் பெட்ரோலும் பழைய ரெக்சினும் அந்த ஏற்றுமதியாளரின் பன்னீர்ப் புகையிலையும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். இப்போதும் சில பழைய டாக்சிகளில் அந்த வாசனையின் ஒரு துணுக்கு வரும்போது மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், டிரைவர்கள் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். வண்டி நன்றாக ஓடியது. சீட்தான் பொத்துப் பொத்துத் தேங்காய் நார் வெளியே வந்திருந்தது. கடையில் சீட் கவர் விசாரித்துவிட்டு வந்த அப்பா, அந்தக் கடைக்காரனைத் திட்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

நான் அப்போது ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்து பத்து மாதம் ஆகியிருந்தது. இருபத்தொரு வயது. சட்டைப் பையில் இஞ்ச் டேப், காதில் பென்சில், பேச்சில் பாதி இங்கிலீஷ். வீட்டில் சோறு குழைந்திருந்தால்கூட ரிஜக்ட் என்பேன். அந்த நேரத்தில் எங்கள் கம்பெனியில் ஒரு சிவப்புத் துணி லாட் அடிபட்டுக் கிடந்தது. ரத்தச் சிவப்பு, தொட்டால் வெண்ணெய் மாதிரி இருக்கும். சலவையில் சாயம் இறங்குகிறது என்று வெளிநாட்டுக்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். அதில் ஒரு ரோலை மேனேஜரிடம் கேட்டு வாங்கி சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். ஏதோ யானையைப் பிடித்து வந்தவன் மாதிரி அப்பாவின் யூனிட்டில் உருட்டிவிட்டேன்.

அப்பா துணியைத் தடவினார். "சாயம் நிக்குமா கண்ணு?" என்று கேட்டார்.

"நிக்குமுங்கப்பா. தேச்சுப் பாத்துட்டேன்" என்றேன்.

பொய்யில்லை, தேய்த்துத்தான் பார்த்திருந்தேன். ஆனால் காய்ந்த துணியால் மட்டும். ஈரத் துணியால் தேய்த்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும், தினமும் செய்கிற வேலைதான் அது. சீட் கவரை யார் துவைக்கப் போகிறார்கள், மழையிலா நனையப் போகிறது என்று விட்டுவிட்டேன். மனிதனுக்கு வியர்க்கும் என்பது அந்த நிமிடம் எனக்குத் தோன்றவில்லை. வியர்வைக்கென்றே தனிப் பரிசோதனை ஒன்று உண்டு, அதையும் நான்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சின்னச்சாமி அண்ணன் என்கிற எங்கள் டெய்லர் வந்து தைத்தார். என்ன அழகு தெரியுமா! ஓரமெல்லாம் டீ சர்ட் மாதிரி இரட்டைத் தையல். பழக்க தோஷத்தில் ஒவ்வொரு கவரின் கழுத்துப் பக்கத்திலும் எக்ஸ் எல் என்று சைஸ் லேபிள் வைத்துவிட்டார், அடியில் சலவைக் குறிப்பு லேபிளும் சேர்த்து. வெளிர் நிறத் துணிகளுடன் சேர்க்காமல் தனியாகத் துவைக்கவும் என்று அதில் போட்டிருந்தது. அதைப் படித்துக் காட்டி நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்காவும்தான்.

அக்காவுக்கு அப்போது சிரிக்கக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் குன்னத்தூர்ப் பக்கமிருந்து அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். சாயப்பட்டறை வைத்திருக்கிற குடும்பம். அக்கா அஞ்சல் வழியில் பி.காம். இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வருகிறவர்கள் வழக்கமாக எதையெதையோ கேட்பார்கள், இந்த மாப்பிள்ளை எல்லோருக்கும் முன்னால் அவளைப் பார்த்து, பரீட்சை எப்போதுங்க, படிப்பை விட்டுவிடாதீங்க என்று சொன்னார். அவ்வளவுதான். அன்று முதல் அக்கா சமையலறையில் பாத்திரம் கழுவும்போதுகூடப் புத்தகத்தைச் சுவரில் சாய்த்து வைத்துப் படித்தாள். அவளுக்கு அந்த இடம் வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்து நாங்கள் போய் மாப்பிள்ளை வீடு பார்த்துவிட்டு வர வேண்டும், பிறகு உறுதி.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் போகக் கூடாது, ஒற்றைப்படையில் போக வேண்டும், அதிலும் மூன்று பேர் கூடாது. ஆகவே ஐந்து பேர். அப்பா, அம்மா, பெரியப்பா, பெரியம்மா, நான். ஆண்கள் மூவரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அம்மா சந்தனக் கலர் பட்டு. பெரியம்மா அரக்குச் சேலை. கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது. அந்தக் காருக்கு ஏசி கிடையாது, கண்ணாடியை இறக்கினால் அனல்தான் உள்ளே வந்தது. பெருமாநல்லூர் தாண்டுவதற்குள் எல்லோருக்கும் முதுகு நனைந்து சட்டை ஒட்டிக்கொண்டது. பெரியப்பா கனமான ஆள், அவருக்கு வியர்த்ததைப் பற்றித் தனியாக எழுதலாம். அப்பா மட்டும் ஓட்டிக்கொண்டே, சீட் மெத்தென்று இருக்கிறதா இல்லையா என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்தார்.

குன்னத்தூர் தாண்டி அந்த வீட்டு வாசலில் இறங்கினோம். வரவேற்க நின்றவர்கள் கும்பிட்டார்கள், நாங்களும் கும்பிட்டோம். அப்பா காரின் கதவைச் சாத்துவதற்காகத் திரும்பினார். மாப்பிள்ளையின் அம்மா பதறிப்போய், "ஏனுங்க, அடிகிடி பட்டுருச்சுங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் பார்த்தேன். அப்பாவின் முதுகு முழுக்கச் சிவப்பு. வேட்டியின் பின்பக்கம் சிவப்பு. பெரியப்பாவுக்குக் கால்வரை வழிந்திருந்தது. என் நிலை என்ன என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். பெரியம்மா அரக்குச் சேலையில் தப்பித்தார், எங்களுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

அந்த வீட்டுக்காரர்கள் ஒரு சொல் கடுமையாகப் பேசவில்லை. எங்கள் பக்கத்து மரியாதை இருக்கிறதே, அது வெயிலைவிடச் சுடும். உள்ளே வெள்ளை உறை போட்ட மெத்தை நாற்காலிகள் வரிசையாக இருந்தன. உள்ள புழுக்கமுங்க, இங்க காத்தோட்டமா இருக்கும் என்று சொல்லி வெளியே வேப்ப மரத்தடியில் இரண்டு கயிற்றுக் கட்டிலைப் போட்டார்கள். வடை வந்தது, ஒப்புட்டு வந்தது, காபி வந்தது. வீடு பார்க்கப் போன நாங்கள் வீட்டுக்குள் போகவே இல்லை. மாப்பிள்ளையின் அப்பா மட்டும் மெதுவாக நடந்து போய் எங்கள் காருக்குள் எட்டிப் பார்த்தார். சீட் கவரை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்தார். விரலைப் பார்த்தார். சாயத்திலேயே ஊறிய மனிதர், அவருக்கு வேறு பரிசோதனை தேவையா? திரும்பி வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மிகவும் தணிந்த குரலில் கேட்டார்.

"ரிஜக்ட் லாட்டுங்களா?"

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். தரம் பார்க்கிறவன் நான். சாயம் நிற்கும் என்று சொன்னவன் நான். ஒப்புட்டை விழுங்க முடியாமல் வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஆமாங்க" என்றார் அப்பா. "நாஞ்செஞ்ச வேலைதானுங்க."

திரும்பி வரும்போது சீட்டில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துகொண்டோம். அது நொறுநொறுவென்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. வீட்டு வாசலில் அக்கா நின்றிருந்தாள். அப்பா அவளைப் பார்க்காமல் உள்ளே போனார். நான் முதுகைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டே நகர்ந்தேன். ஊடு எப்படிடா இருக்குது என்று கேட்டாள். சின்ன வீடு, தண்ணீருக்குத் தூரம், உங்களுக்குச் சரிப்பட்டு வராது என்று ஏதோ உளறினேன். நான் உள்ளே போகவே போகாத வீட்டுக்கு இத்தனை குறை சொன்னேன்.

நான்கு நாள் கழித்துத் தரகர் வந்தார். ஜாதகத்தை மறுபடி பார்த்ததில் ஏதோ பொருந்தவில்லையாம். வாசல்வரை போய்விட்டு மனம் கேட்காமல் திரும்பி வந்து, பெண்ணுக்குச் செய்கிற காரியத்துக்கே ரிஜக்ட் துணியைப் போடுகிறவர்கள் என்று அவர்கள் பேசிக்கொண்டதையும் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அதே வருடம் ஆவணியில் அக்காவுக்குப் பொங்கலூரில் கல்யாணம் நடந்தது. கோழிப்பண்ணை வைத்திருக்கிற குடும்பம். மாமா தங்கமான மனிதர், இன்றுவரை ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் பண்ணைக்கும் பரீட்சைக்கும் ஒத்துப்போகவில்லை. மூன்றாம் வருடப் புத்தகங்களை அக்கா பனியன் நாடாவால் கட்டி எங்கள் வீட்டுப் பரணில் போட்டுவிட்டுப் போனாள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்குச் சொல்ல வராதது. கல்யாணத்துக்குப் பிறகு அக்கா அப்பாவின் காரில் ஏறவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் பஸ், திரும்பிப் போவதும் பஸ். பெட்ரோல் வாடை அவளுக்குக் குமட்டும் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்தாள். நம்புவது வசதியாக இருந்ததால் நானும் நம்பினேன். அப்பா விடவில்லை. அவள் ஊருக்குக் கிளம்புகிற நாளில் அரிசி மூட்டை, தேங்காய், பேத்திக்குத் துணி எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொள்வார். அக்கா பஸ் ஏறுவாள். அப்பா அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு போவார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பஸ் நின்றால் இவரும் நிற்பார். பொங்கலூரில் சாமானை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வருவார். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று சொல்லிக்கொள்ள இப்போது வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சிவப்புக் கவரை அப்பா குன்னத்தூர் போய்வந்த மறுநாளே கழற்றி அடுப்பில் போட்டார். அதற்குப் பிறகு அவர் வாங்கிய கார்கள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் வெள்ளை சீட் கவர்தான். கடையில் வாங்கினார், நல்ல விலை கொடுத்து. இரண்டாவது கார் வாங்கும்போது ஏசி இருந்தால் வாடை தெரியாது, பொண்ணு ஏறுவாள் என்றார். மூன்றாவதை வாங்கும்போது பின்சீட் அகலமாக இருக்கிறது, குழந்தைகளோடு ஏறுவாள் என்றார். நான்காவதைக் கொண்டுவந்து நிறுத்தியபோது எதுவும் சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் அந்தக் கார்களில் கோயில் குளம் போனோம், கல்யாணம் காட்சி போனோம். அக்கா அவருக்குச் சோறு போடுவாள், மருந்து எடுத்துக் கொடுப்பாள். அவரிடம் பேச வேண்டியதை அம்மாவிடம் பேசுவாள்.

ஒரு தடவை எனக்குப் பொறுக்கவில்லை. கார் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போய், அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், துணி கொண்டுவந்தது நான்தானே என்றேன். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"அவ கோவம் எம்மேலயே இருக்கட்டும் கண்ணு. எனக்கப்பறம் அவளுக்குப் பொறந்த ஊடுன்னா நீதான். அதையக் கெடுத்துக்காத" என்றார்.

எனக்கு அப்போது வந்த நிம்மதியை நினைத்தால் இன்று என்மேலேயே எரிச்சல் வருகிறது. அப்பா சொல்லிவிட்டாரே என்று அதோடு விட்டுவிட்டேன். நான்கு வருடத்துக்கு முன்னால் அவர் போனார். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அக்கா தினமும் பஸ்ஸில் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றுவிட்டுப் போனாள். காரியமெல்லாம் முடிந்து அவள் ஊருக்குக் கிளம்பிய அன்று, நான் கொண்டுபோய் விடட்டுமா என்றதும் பேசாமல் என் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பெட்ரோல் வாடை இத்தனை வருடம் கழித்துப் பழகிவிட்டது போலிருக்கிறது என்று அம்மா சொன்னாள். நான் தலையாட்டினேன்.

எங்கே விட்டேன்? ஷோரூம். அக்கா ஒவ்வொரு காராக ஏறி இறங்கி, கடைசியில் ஒன்றைக் கைகாட்டினாள். ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். மனைவியும் மகளும் அங்கேயே இருந்து கேமரா வேண்டுமா வேண்டாமா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா முன்சீட்டில் எனக்குப் பக்கத்தில். அந்தத் திருநெல்வேலிப் பெண் பின்சீட்டில். பல்லடம் ரோட்டில் ஏறியதும் அவர் காற்றுப்பை எத்தனை, பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. ஸ்டியரிங்கில் கை வழுக்கியது. ஏசி ஓடிக்கொண்டிருந்தும் எனக்கு வியர்த்தது.

அக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டே, இன்னும் தேய்த்துப் பார்க்கிறாயா என்று கேட்டாள். குரலில் கிண்டல்தான் இருந்தது. நான் வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். அந்தத் துணி விஷயம் உங்களுக்குத் தெரியுமா என்றேன்.

"மறுநா மூணு வேட்டியையும் தொவச்சவ நானு" என்றாள். "ஏழு தண்ணி அலசியும் ரோஸ் கலர் போவல. எனக்குத் தெரியாம என்ன?"

துணியைக் கண்டதும் புரிந்துவிட்டதாம். தரகர் சொன்னதும் காதில் விழுந்திருக்கிறது. அன்றைக்கு அப்பா ஒரு நல்ல கவர் வாங்கியிருந்தால் தன் கதை வேறு மாதிரி இருந்திருக்கும் என்று சொன்னாள். அழவில்லை, வானிலை பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு, இருக்கிற ஒரு பெண்ணுக்குக்கூடக் கணக்குப் பார்த்தாரே, அது ஒன்றைத்தான் அவரிடம் தன்னால் மறக்க முடியவில்லை என்றாள்.

அப்பா சொன்னது எனக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் அவரை அப்படி நினைத்துக்கொண்டே அவள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருவதை அந்த நிமிடம் என்னால் தாங்க முடியவில்லை. மூன்று வாரமாக எனக்கு இருப்புக்கொள்ளாமல் இருந்தது இதைச் சொல்லாமல் வைத்திருந்ததால்தான் என்று அப்போதுதான் புரிந்தது. வண்டியை ஓரம் கட்டினேன்.

"அந்தத் துணியக் கொண்டாந்தது நானுங்கக்கா. சாயம் நிக்குமான்னு அப்பா கேட்டாரு. நிக்கும்னு நாந்தான் சொன்னேன்."

பின்சீட்டில் பேச்சு நின்றது. லாரிகள் காரை ஆட்டிவிட்டுப் போயின. அக்கா தன் கையைப் பார்த்தாள். அப்பாவுக்கு இது தெரியுமே, அவர் ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள். அப்பா சொன்னதைச் சொன்னேன், ஒரு சொல் விடாமல்.

"ஆஸ்பத்திரில பத்து நா இருந்தாரில்ல" என்றாள் அக்கா. "அப்பச் சொல்லியிருந்தீன்னா, நான் அவரு கையையாவது புடிச்சிருப்பேன்."

அவள் சீட் பெல்ட்டைக் கழற்றினாள். கதவைத் திறந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து இறங்கினாள். அந்தக் காரின் சீட் அவளுக்குச் சரியான உயரம்தான், ஒரு சிரமமும் இல்லாமல் இறங்க முடிந்தது. நான் இறங்கி ஓடினேன். வெயில் அதிகம், உட்காருங்கக்கா, வீட்டில் விட்டுவிடுகிறேன் என்று கெஞ்சினேன். கோபமில்லை என்றாள். கொஞ்ச தூரத்தில் ஸ்டாப் இருந்தது. பொங்கலூர் வழியாகப் போகிற பஸ் வந்ததும் கை காட்டி ஏறிக்கொண்டாள். அந்தப் பெண் பின்சீட்டிலிருந்து மெதுவாக, "அக்கா போயிட்டாவளே சார்" என்றார். வேறென்ன சொல்ல முடியும் அவரால்?

இது நடந்து ஒன்றரை மாதமாகிறது. ஷோரூமிலிருந்து நாள் தவறாமல் கூப்பிடுகிறார்கள், எந்தக் கலர், எந்த மிதியடி என்று. இன்னும் எதையும் சொல்லவில்லை. அக்கா என் மனைவியிடம் போனில் பேசுகிறாள், மகளிடம் பேசுகிறாள், அம்மாவிடம் பேசுகிறாள். நான் எடுத்தால் அம்மாவிடம் கொடுங்க கண்ணு என்கிறாள், மரியாதையாக. போன வாரம் அம்மாவைப் பார்க்க வந்தாள், பஸ்ஸில். எனக்குச் சோறு போட்டாள்.

சொன்னது சரியா தப்பா என்று யோசித்து யோசித்து வாசலுக்கும் கூடத்துக்குமாக நடக்கிறேன். அப்பாவின்மேல் இருந்த பழி போய்விட்டது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். அவருக்கு அது தெரியாது. இத்தனை வருடம் எனக்கு வர வேண்டிய கோபத்தை வாங்கிக்கொண்டு, எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். இப்போது அந்த இடத்தில் யாரும் இல்லை.